பாரிவாக்கம் வானொலியில் நான் வெட்டிய அரை நிமிடம்

காலை 8.10. ஐயப்பன்தாங்கல் பணிமனையில் பேருந்து ஏறினேன். பூந்தமல்லிக்குப் பன்னிரண்டு ரூபாய். இரவெல்லாம் பெய்த மழை நின்று, சாலைப் பள்ளங்களில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு ஷேர் ஆட்டோ, நாற்பது ரூபாய். செல்போன் ரேடியோவைக் காதில் மாட்டியிருந்தேன். பாரிவாக்கம் நெருங்க நெருங்க இரைச்சல் கரைந்து, தண்ணீருக்கடியிலிருந்து எழுவதுபோல் ஓர் உடுக்கைச் சத்தம் மேலே வந்தது.

“இன்னா பெர்சு, காதுல ஒயரு? லவ்வா?” என்றார் ஆட்டோ ஓட்டுநர்.

“பாரிவாக்கம் ரேடியோப்பா.”

“அட, ஆறு மணிக்கு ரயிலு பாட்டு போடுவானுங்களே! யாரு பாடுனதுன்னுதான் தெர்ல.”

எனக்குத் தெரியும். ஒயரைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டேன்.

அந்த வானொலியைத் தொடங்கியவர்களில் நானும் ஒருவன். பதினாறு ஆண்டுகளுக்கு முன், தையல் பயிற்சிக் கூடத்தின் மாடியில் ஓர் அறை. எதிரொலி அடங்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை. பூந்தமல்லி ரஹீம் பாய் ஒலிபரப்புக் கம்பம் நட்டுக் கொடுத்தார். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் எட்டும். சினிமாப் பாட்டு கிடையாது. நடவுப் பாட்டு, பம்பை, உடுக்கை, கானா மட்டும். கானா சாவு வீட்டுப் பாட்டு என்று, ‘சாவு ரேடியோ’ எனச் சிரித்தவர்களே ஒரு வருடத்தில் தங்கள் இட்லிக் கடைகளில் அதை வைத்தார்கள். தினமும் முதல் பாட்டு, கஜேந்திரன் பாடிய ரயில் கானா.

கானா பாடுகிறவர் கடைசி அடியில் தன் பெயரையும், தனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் பெயரையும் வைப்பார். நாட்டார் வழக்காறு படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு அது தெரியும். தெரிந்தும், சுயவிளம்பரம் என்று அந்த அரை நிமிடத்தை வெட்டினேன். அவரிடம் கேட்கவில்லை. முழுப் பதிவையும் பத்திரப்படுத்தவில்லை. அதை அவரிடம் ஒப்புக்கொள்ளத்தான் இந்தப் பயணம்.

10.25. ஆவடியில் மின்சார ரயில், ஐந்து ரூபாய். பட்டாபிராம் தாண்டியதும் வானொலி மெலிந்தது. நெமிலிச்சேரியில் அது மூச்சுபோல் வந்து போனது. நிலையத்துக்கு வெளியே கஜேந்திரனின் மாவு மில். புருவம் வரை வெள்ளையாக, கனவில் வருகிறவர்போல் நின்றார். என்னைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தினார்.

“வா சார். கத்திரிக்கோல் எட்த்துகினு வந்தியா?”

தவறு என்னுடையது என்றேன். அவர் ஒரு டின்னைக் கவிழ்த்து என்னை உட்காரச் சொன்னார்.

“எம் பேரு கெடக்கட்டும் சார். பட்டாபிராம்ல ஒரு சாவுல பாடுறேன், ஒரு பொடியன் வந்து ‘இன்னா அண்ணாத்தே, ரேடியோ பாட்ட திருடிட்டியா’ன்றான். சிர்ச்சிட்டேன். வாத்தியாரு கதைதான் வேற. அப்போ படுத்த படுக்கையா கீறாரு. பேரு வரும்னு டெய்லி ஆறு மணிக்கு முழிச்சிகினு கேப்பாரு.”

“வரலைன்னு சொன்னீங்களா?”

“எப்டி சொல்றது? முடியற எடத்துல ரேடியோவ அமுக்கிட்டு, கரண்டு போச்சி வாத்தியாரேம்பேன். ‘எம் பேரு வர்ற நேரத்துக்கு கரீட்டா போவுதேடா கரண்டு’ம்பாரு. ரெண்டு மாசம். அப்பால அவரே போய்ட்டாரு.”

பாட்டை முழுதாக மறுபடி பாடுவீர்களா என்று கேட்டேன்.

“பாடுறேன். ஆனா வெட்டுனது நீதான்னு உன் வாயால ரேடியோல சொல்லு. நான் சொன்னா எவன் நம்புவான்?”

மில்லின் நடுவில் நின்று பாடினார். மாவுத் தூசி வெயிலில் மிதந்தது. செல்போனில் பதிந்துகொண்டேன். குரல் உடைந்திருந்தது. கடைசி அடி மட்டும் உடையவில்லை:

“வாத்தியாரு ஏழுமலை கொடுத்த மெட்டு,
வண்டிக்காரத் தெரு கஜேந்திரன் பாட்டு.”

மாலை 4.00. பாரிவாக்கம் மாடியறை. இப்போது வானொலியை நடத்துகிற செல்வி எனக்கு மைக்கைக் கொடுத்தார். என் பெயரைச் சொன்னேன். வெட்டியது நான், கேட்காமல் வெட்டினேன், படித்தவன் என்ற திமிரில் வெட்டினேன் என்றேன். ஏழுமலை வாத்தியாரின் பெயரை இரண்டு முறை சொன்னேன். பிறகு பாட்டு முழுதும் போனது.

5.20. ஐயப்பன்தாங்கலுக்குத் திரும்பப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது கஜேந்திரன் போனில் வந்தார். தூறல் தொடங்கியிருந்தது. பதினாறு வருடம் தாமதித்துச் சொன்னது வாத்தியாருக்குக் கேட்குமா என்று, படித்த கிழவன் கேட்கக் கூடாத கேள்வியை அவரிடம் கேட்டேன்.

“அவுருக்கு எப்டி சார் கேக்கும்? எனக்குக் கேட்டுச்சி. மழ வருது பார், ஊட்டுக்குப் போ.”