ஊரின் கடைசி இருமல்

சாவுச் செய்தி சொல்லக் கிளம்புமுன் ஜுராந்திர் ஒரு கறுப்பு மிட்டாயைக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்கிறார். பிரேசிலின் மீனாஸ் மலைச்சரிவில் இருக்கும் இந்தச் சிற்றூரில் யார் இறந்தாலும், கூரையில் ஒலிபெருக்கி கட்டிய அவருடைய நீலக் கார்தான் தெருத்தெருவாகப் போய்ச் சொல்லும். அந்தக் குரலில் தன் பெயர் ஒலிக்க வேண்டுமென்றே சாகத் துணிந்தவர்களும் உண்டு.

இரத்த அழுத்த மாத்திரை தொடங்கியபின் அந்தக் குரலுக்குள் ஒரு வறட்டு இருமல் குடியேறிவிட்டது. ஒருமுறை "மரியா" என்றதுமே தொண்டை அடைத்துக்கொள்ள, ஊரிலிருந்த அத்தனை மரியாக்கள் வீட்டுக்கும் மலர்வளையம் போய்ச் சேர்ந்தது.

இருமலை அடக்க வாயில் போடும் அந்த மிட்டாய் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. தேன், இஞ்சி, அந்தப் பக்கத்தில் சளிக்குக் காய்ச்சிக் குடிக்கும் குவாகோ இலை, அப்புறம் யாரிடமும் சொல்லாத நாலாவது சரக்கு. "காப்புரிமை கைக்கு வர்ற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்" என்கிறார்.

"அது கரும்புச் சாராயம்னு தெரு நாய்க்குக்கூடத் தெரியும்" என்கிறாள் மனைவி நைர்.

மருந்து பலிப்பதைக் காட்ட நோயாளிகள் வேண்டும் என்றார் காப்புரிமை வக்கீல். அன்றே கார் கிளம்பியது. "பிரஷர் மாத்திரையால இருமுறவங்க எல்லாரும் சனிக்கிழமை சர்ச் வாசலுக்கு வாங்க. மிட்டாய் இலவசம்." பாதி ஊர் கூடி இருமியதில் மணிக்கூண்டுப் புறாக்கள் பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்தன. சுகாதார நிலையத்து டாக்டர் ஐவோனியும் வந்தார். வந்தவர்களுக்கெல்லாம் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாதம் திரும்புவதற்குள் ஊரில் இருமல் ஓய்ந்தது.

மிஞ்சியது ஜுராந்திரின் இருமல் மட்டும்தான்.

"உங்களுக்கும் மாத்தித் தரேன், ஐயா. கொஞ்ச வாரத்துல நின்னுடும்."

"நின்னுட்டா என் மருந்தை எதுல காட்டுறது, டாக்டரம்மா?"

டாக்டர் விடாமல் திணித்த புது மாத்திரை அட்டையைப் பிரிக்காமலே காருக்குள் போட்டுவைத்தார்.

போன வாரம் அவருடைய சீட்டாட்டக் கூட்டாளி தெயோதோரோ இறந்துபோனார். அவர் மனைவி கார் சன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவரு பேரை முழுசாச் சொல்லுவியா, அண்ணே? முடியாதுன்னா சொல்லிடு. வேற ஆளு பதிவு பண்ணின குரலை வெச்சுப் பாத்துக்கிறேன்."

"நான் சொல்லாம வேற யாரு சொல்றது? போம்மா."

முதல் தெருவிலேயே "தெயோ" என்றதும் இருமல் பிடித்துக்கொண்டது. மைக்கை அணைத்து, கண்ணில் நீர் முட்ட இருமித் தீர்த்து, மறுபடி போட்டுப் பெயரை முழுதாகச் சொன்னார். திருப்பத்தில் காரை ஓரங்கட்டினார். அன்றைக்குப் போட வேண்டிய பழைய மாத்திரையைத் தள்ளி வைத்துவிட்டு, புது அட்டையைப் பிரித்து ஒன்றை எடுத்து, தண்ணீர் தேடாமல் விழுங்கினார்.