ஏழுக்குப் பின் மூன்று

சென்ற செவ்வாய்க்கிழமை காலை கொல்கத்தாவின் பெஹாலாவிலிருந்து விசாலாட்சி தொலைபேசினார். "அவர் போயிட்டார், அண்ணா. தூக்கத்துலயே." அவர் கணவர் கோபாலன் இறந்த சேதி எனக்கு அப்படித்தான் வந்தது. துறைமுக ஊழியரின் மகன்; எந்தச் சேனலிலும் சம்பளத்துக்குச் சேராமல், தான் எடுத்த செய்திப் படங்களை விற்றுப் பிழைத்தவர். அவரை அறிந்த நீங்கள் சாந்தமான மனிதர் என்பீர்கள். எனக்கு இன்று சாந்தமாக எழுத வரவில்லை.

தொண்ணூறுகளில் அவர் தன் படத்தின் மூலையில் பெயரைப் பொறித்துக் கொடுத்தார். வாங்கிய சேனல் அதே மூலையில் தன் சின்னத்தை ஒட்டிப் பெயரை மறைத்தது. நடுவில் பொறித்தார். "படத்தைக் கெடுத்துட்டீங்களே, கோபால்தா" என்று, வங்காள வழக்கப்படி பெயரோடு அண்ணன் முறையும் சேர்த்துச் சொல்லி, திருப்பிக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் அந்த வழக்கம் வந்தது. கேமரா ஓடத் தொடங்கியதும் தன் பெயரைத் தமிழில் முணுமுணுப்பார். பிறகு இடைவெளி விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போவார்; அந்தக் குரலும் படத்தோடு பதிவாகும். "மேலே ஒட்டினா மறைச்சுடறான். உள்ளேயே கலந்துட்டேன், இப்ப எடுக்கட்டும்" என்றார். எடிட்டிங் அறையின் வங்காளிகள் அதை மந்திரம் என்று நினைத்தார்கள். "கோபால்தா பூஜை பண்ணிக்கிட்டே படம் எடுக்கிறார்" என்று கேலி செய்வார்கள். இவர் மறுக்க மாட்டார். "ஆமாம்ப்பா, வெட்டினா தோஷம்."

இரண்டாயிரத்துக்குப் பின் ஒரு மழைக்காலத்தில், கரியாஹாட்டின் நடைபாதைக் கடைகளை அகற்ற ஓர் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்தார்கள். ஒருவன் நிமாய் என்ற வியாபாரியின் மணிக்கட்டில் தடியால் அடித்தான். அதற்குப் பிறகே நிமாய் கடையின் இரும்புக் குழாயை உருவினார். கோபாலன் எடுத்தது அந்த வரிசையில். சேனல் ஒளிபரப்பியதோ தலைகீழாக: முதலில் குழாய், பிறகு தடி. அதை வைத்தே நிமாயைக் கைது செய்தார்கள். மூல நாடாவைக் கேட்டால், "அழிச்சு வேற வேலைக்கு எடுத்துட்டோம்" என்றார்கள்.

விசாலாட்சி வீட்டில் பதிவு செய்திருந்த ஒளிபரப்பைத்தான் நிமாயின் வக்கீல் நீதிமன்றத்தில் போட்டுக் காட்டினார். அதில் கேட்கும் குரல் கூட்டத்தின் இரைச்சல் என்றார் சேனல்காரர். தமிழ் தெரிந்த வங்கி அதிகாரி ஒருவரை அழைத்துக் கேட்கச் சொன்னார்கள். "குழாயைத் தூக்கும்போது ஏழு, எட்டு என்கிறது. அப்புறம் தடியடி வரும்போது மூன்று, நான்கு" என்றார் அவர்.

சாட்சியாக நின்ற கோபாலன் சேனல்காரரைத் திரும்பிப் பார்த்தார். "ஏழுக்கு அப்புறம் மூணு உங்க ஊர்லதான் வருமா?" நீதிபதி அதட்டினார். ஆனால் நிமாய் வீட்டுக்குப் போனார்.

படத்தைத் திருப்பிப் போட்டவர்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருவருக்கும் வேலை போகவில்லை. தண்டனை கோபாலனுக்குத்தான். "வாயை மூடிக்கிட்டு எடுத்தா வேலை உண்டு" என்று சொல்லியனுப்பினார்கள். மற்ற சேனல்களும் அதையே சொல்லின. அவர் வாயை மூடவில்லை. கடைசிவரை கல்யாண வீடியோ எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்துக்கு அதே சேனலிலிருந்து மாலையோடு வந்தார்கள். "கோபால்தா எங்கள் குடும்பம்" என்று பேசிவிட்டு அவர் எடுத்த படங்களைத் திரையிட்டார்கள். எல்லாவற்றிலும் அவர்கள் சின்னம். பின்னணியில் சிதார். விசாலாட்சி எழுந்து நின்றார்.

"பாட்டை நிறுத்திட்டு அதோட சத்தத்தைப் போடுங்க. அவர் அதுலதான் இருக்கார்."

திரையிட்டவர் சிதாரை நிறுத்தினார். கொண்டுவந்த பிரதியில் சத்தமே இல்லை. அவரைத் துடைத்தெடுத்துவிட்டு அவருக்கே அஞ்சலி செலுத்த வந்திருக்கிறார்கள்.

கோபாலனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய பிடிவாதத்தை. எந்தப் படத்தைக் காட்டினாலும் இனிக் கேட்பேன்: எடுத்தவர் யார், எந்த வரிசையில் எடுத்தார்? பதில் வராத படத்தை நம்ப மாட்டேன், மாலை போட்டுக் காட்டினாலும்.