ஷூ லேஸ் கட்டியிருந்த குடிகாரன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், காலை ஆறரை மணி இருக்கும். எங்கள் கோலார் தங்கவயலில் பாலகாட் பகுதிக்குப் போகிற சாலையோரம் நான் மல்லாந்து கிடந்தேன். என்னைத் தாண்டிப் போன மூன்று நான்கு பேரும் நான் குடித்துவிட்டு விழுந்து கிடப்பதாகவே நினைத்தார்கள்.

எப்படி அங்கே போய் விழுந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. இங்கே இருக்கும் இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் ஆப்பரேட்டர். என் மனைவிக்கு பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸில் வேலை. விடியற்காலை ரயிலில் போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் வீடு திரும்புவாள். எங்களுக்கு ஒரே மகள், அப்போது ஒன்பதாம் வகுப்பு.

தொழிற்சாலையில் எல்லோருக்கும் உடம்பைப் பரிசோதித்தபோது எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. எடை தொண்ணூற்றாறு கிலோ. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, நடக்கச் சொன்னார், எடையைக் குறைக்கச் சொன்னார். நான் நடக்கவில்லை, நேராக ஓட ஆரம்பித்துவிட்டேன்.

முதல் வாரம் தெருமுனை தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. ஒரு மாதத்தில் மூன்று கிலோமீட்டர் ஓடினேன். எடையும் இறங்கியது. கேண்டீனில் ஆளாளுக்கு, "இன்னாபா, பாதி ஆளாயிட்டியே, இன்னா சாப்பிடற?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்விதான் எனக்குப் போதையாகிவிட்டது. தினமும் காலையில் எடை மெஷினில் ஏறுவேன். முள் அசையவில்லை என்றால் அன்று முழுவதும் எனக்கு முகமே சரியிருக்காது. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். மனைவி வந்து கேட்டால், "அப்பவே சாப்பிட்டுட்டேன்" என்று சொல்லிவிடுவேன். எனக்கென்று இருந்த சோறு தெரு நாய்க்குப் போனது. இரண்டரை மாதத்தில் பதினோரு கிலோ குறைந்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தங்கவயலின் ஒரு கோடியில், மைசூர் மைன்ஸ் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மறுகோடியில் இருக்கும் பாலகாட் வரைக்கும் நிற்காமல் ஓடிவிட வேண்டும் என்று ஒரு ஆசை வந்தது. அந்த நாள் காலையில் மனைவி ரயிலுக்குக் கிளம்பிப் போனதும் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். மாத்திரை போட்டதும் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓடிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நான் முடிவு செய்தேன். முந்தின ராத்திரியும் வயிற்றில் எதுவும் இல்லை. ஓடும்போது பையில் குதிக்கிறது என்று போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பாதி தூரம் வரை நன்றாகத்தான் ஓடினேன். பிறகு கை நடுங்கியது. குளிருக்குத்தான் என்று நினைத்தேன். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. எதிரே வந்த பஸ் இரண்டாகத் தெரிந்தது. நிற்க வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காலை இழுத்தேன். சாலையோர மண்ணில் முட்டி இடித்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு வானம்தான் தெரிந்தது.

நினைவு முழுதாகப் போகவில்லை. பேச்சுக் குரல் காதில் விழுந்தது. ஒரு பைக் நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்தவன், "காலையிலேயே ஏத்திக்கினு கெடக்கறான், வா போலாம்" என்றான். பைக் போய்விட்டது. 'நான் குடிக்கவில்லை' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாக்கு புரளவில்லை. குளறலாக ஏதோ சத்தம் வந்தது. அதைக் கேட்டிருந்தால் அவன் சொன்னது சரி என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். இப்படியே செத்துப்போனால் என்னை யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று யோசித்தேன். மகளுக்கு ஸ்கூலுக்கு நேரமாகுமே என்றும் யோசித்தேன். இரண்டுக்கும் நடுவில் வித்தியாசமே தெரியவில்லை.

அப்போதுதான் துடைப்பம் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. தெரு பெருக்கும் பெண் ஒருவர் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என் வயதுதான் இருக்கும். புடவைக்கு மேல் நகரசபை கோட்டு. என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார்.

"அண்ணா, கேக்குதா? சுகர் கீதா உனக்கு?"

நான் தலையை ஆட்டினேன். அவர் தன் தூக்குப் பாத்திரத்தைத் திறந்து மூடியில் டீ ஊற்றினார். என் தலையைத் தூக்கித் தன் முழங்காலில் சாய்த்துக்கொண்டார்.

"முழுங்க முடியுமா? அவசரப்படாத. கொஞ்ச கொஞ்சமா."

ஆறிப்போன டீ. சர்க்கரை தூக்கலாக இருந்தது. அவர் காலை டிபனுக்குக் கொண்டு வந்திருந்தது அது. ஒரு பன்னையும் அதில் நனைத்து நனைத்துக் கொடுத்தார். பாதியில் அவருடைய மேஸ்திரி வண்டியில் வந்து, வேலையை விட்டுவிட்டு இங்கே என்ன என்று கேட்டார்.

"இவரு எழுந்து ஒக்காரட்டும், வரேன்" என்றார் அந்தப் பெண். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கால் மணி நேரத்தில் எனக்குப் பேச்சு வந்தது. வீட்டுக்குப் போன் செய்யலாம் என்று தன் போனை நீட்டினார். மனைவியின் நம்பர் எனக்கு ஞாபகமே வரவில்லை. அதில்தான் எனக்கு அழுகை வந்தது. அவர் அதைப் பார்க்காதது போல ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குடிக்கவில்லை என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"குடிச்சவனுக்கு இந்தக் குளிர்ல இப்டியா வேர்க்கும்? எங்க அக்காவுக்கு இதே மாரிதான் வரும். அப்பறம் லேஸைப் பாத்தேன். ரெண்டு முடிச்சு போட்டுக்கீற. குடிச்சவன் எங்க இவ்ளோ ஒழுங்கா கட்டறான்?"

அவரே ஒரு ஆட்டோவை நிறுத்தி, என்னை வீட்டுக்குள் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

ஆட்டோவில் வரும்போதுதான் எனக்கு இன்னொரு ஆள் ஞாபகத்துக்கு வந்தார். அதற்கு இரண்டு வாரம் முன்பு, மூடியிருந்த ஒரு கடையின் ஷட்டர் ஓரமாக ஒருவர் கிடந்தார். கால்கள் ரோட்டில் நீட்டிக்கொண்டிருந்தன. அவர் காலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு ஓடினேன். வாட்சில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. குடிகாரன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், அவ்வளவுதான். திரும்பி வரும்போது அவர் அங்கே இல்லை. எழுந்து போயிருப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் எழுந்து போனாரா, யாராவது தூக்கிக்கொண்டு போனார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று ராத்திரி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நாய்க்குப் போட்ட சோறு உட்பட. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்துபோய் எடை மெஷினைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள்.

"ஆறு மாசத்துக்கு இது கீழ எறங்கக் கூடாது" என்றாள்.

மறுநாள் டாக்டரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். பத்து வருடமாக ஏறிய உடம்பைப் பத்து வாரத்தில் இறக்கப் பார்த்தால் எப்படி என்று கேட்டார். மாத்திரையை மாற்றினார். ஓடுவதை விடச் சொல்லவில்லை. இரண்டு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை என்று முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். மூன்று வேளையும் சாப்பிட வேண்டும், பையில் நாலு சாக்லேட் இருக்க வேண்டும், போன் இருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியை அழைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். எங்கள் முன்னாலேயே குப்பையை அள்ளிக்கொண்டு, "டீதான குடுத்தேன், இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று சிரித்தார்.

இழந்த எடையில் பாதி முதலில் திரும்ப ஏறியது. அதைப் பொறுத்துக்கொள்வதுதான் ஓடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. பிறகு மாதத்துக்கு அரைக் கிலோ, சில மாதம் அதுவும் இல்லை. இப்போது எண்பத்து மூன்றில் நிற்கிறேன். என்னைவிட மெதுவாக ஓடுகிறவர் இந்த ஊரில் கிடையாது. கேண்டீனில் யாரும் எதுவும் கேட்பதில்லை.

போன வருடம் ஓடும்போது பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒருவர் குப்புறக் கிடந்தார். நின்று, தோளைத் தொட்டு, சுகர் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் நிஜமாகவே குடித்திருந்தார். தூக்கத்தைக் கெடுத்ததற்காகத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் என்னைத் திட்டினார். திட்டை வாங்கிக்கொண்டு, அவர் காலை மட்டும் ரோட்டிலிருந்து நகர்த்தி வைத்துவிட்டு ஓடினேன். எடை இன்னும் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். ஆனால் கீழே கிடக்கிற ஒருவரைக் குனிந்து ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்காமல் தாண்டிப் போக மட்டும் இப்போது என் கால்களுக்கு வருவதில்லை.