அசலை இணைக்கவும்

ஓய்வு பெற்ற மறுமாதமே பஞ்சநதம் ஒரு வேலையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நேதாஜி படையின் போரில் தஞ்சாவூர் நகரத்தின் பங்கு என்ன என்று ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதுவது. முப்பது வருடம் கோப்புகளோடு மல்லுக்கட்டிய மனிதர், வீட்டில் சும்மா உட்கார முடியாமல் ஏதோ செய்கிறார் என்று மனைவி விஜயலட்சுமி விட்டுவிட்டாள். உண்மைக் காரணத்தை அவர் அவளிடம்கூடச் சொல்லவில்லை.

1986இல் அவர் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்துக்குத் தியாகிகள் ஓய்வூதிய மனுக்கள் வந்துகொண்டிருந்தன. மலேயாவுக்கும் பர்மாவுக்கும் பிழைக்கப் போய், அங்கே படையில் சேர்ந்து, தோற்று, சிறைப்பட்டு, வெறுங்கையோடு ஊர் திரும்பியவர்களின் மனுக்கள். கூடச் சிறையிலிருந்த இருவர் சான்று கொடுத்தால்தான் மனு செல்லும். அந்த இருவருக்கு எங்கே போவது? பாதிப் பேர் பர்மாக் காட்டிலேயே செத்துப்போயிருந்தார்கள். விதியை எழுதியவர் பஞ்சநதம் இல்லைதான். ஆனால் ‘போதிய ஆதாரம் இல்லை, நிராகரிக்கலாம்’ என்று குறிப்பு வைத்தவர் அவர். முத்து முத்தான கையெழுத்து வேறு.

அதோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. படை அட்டை, ரங்கூனில் எடுத்த படம் என்று எது கொண்டுவந்தாலும், அசலைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, நகலை மட்டும் கோப்பில் வைக்க வேண்டும். வேலைக்குப் புதிது, தணிக்கை என்றால் பயம். அசலையே வாங்கிக் கோப்பில் டேக் போட்டுக் கட்டிவிட்டார். பதினோரு வருடம் கழித்துக் காலம் கடந்த கோப்புகளை அழிக்கும் பட்டியல் வந்தது. அதிலும் கையெழுத்துப் போட்டவர் இவரே. ஒரு கோப்பையாவது பிரித்துப் பார்த்தாரா? இல்லை. எல்லாம் அலுவலகத்தின் பின்புறம் எரிந்தன.

ஓய்வு பெறும் வாரத்தில், பழைய பதிவேடு ஒன்றில் அன்று நிராகரிக்கப்பட்ட நாற்பத்து மூன்று பேரின் பெயர்களும் கண்ணில் பட்டபோதுதான் அவருக்கு உறைத்தது. அந்தப் பெயர்களையாவது அச்சில் ஏற்றிவிட வேண்டும் என்று கிளம்பினார். ஒன்பது வருடம் அலைந்தார். சென்னை, டெல்லி ஆவணக் காப்பகங்களில் ஒன்றும் அகப்படவில்லை. அவர்களுடைய வீடுகளில் கேட்டால், எல்லாவற்றையும் ஆபீஸில் கொடுத்துவிட்டோமே என்றார்கள். அவரும் தெரியாதவர்போலத் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். கோழைத்தனம்தான், வேறென்ன சொல்வது.

கடைசியில் கீழவாசலில் சைத்தூன் பீவி கிடைத்தார். எழுபத்திரண்டு வயது. நாற்பத்து மூவரில் ஒருவரான மீரா உசேனின் மகள். எந்தத் தெருவிலிருந்து யார் யார் கப்பல் ஏறினார்கள், யார் திரும்பவில்லை என்று தகப்பனார் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் நினைவில் வைத்திருந்தார். மூன்று பிற்பகல்களில் அறுபது பக்கம் நிறைந்தது. இன்னும் பாதிப் பேரின் கதை பாக்கி. அந்த அம்மாள் வாயை மூடிவிட்டால் புத்தகமே இல்லை.

நான்காம் நாள் அந்த அம்மாளே பேச்சை வேறு பக்கம் திருப்பினார். சிப்பாய் உடுப்பில் அத்தாவின் படம் ஒன்று ஆபீஸில் இருக்கிறதாம். அத்தா அதற்குப் பிறகு படமே எடுத்துக்கொள்ளவில்லையாம். மௌத்தாகும் வரை, அந்த கிளார்க்குத் தம்பி பத்திரமாக வைத்திருப்பார் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். சார் அரசாங்கத்தில் இருந்தவர்தானே, கேட்டு வாங்கித் தர முடியுமா என்றார்.

ஆகட்டும், பார்க்கிறேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பஞ்சநதத்தால் முடியவில்லை. “அந்த கிளார்க்கு நான்தாம்மா. படம் இல்லைம்மா. எரிச்சிட்டோம்,” என்றார்.

சைத்தூன் பீவி திட்டுவார் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

“சின்ன வயசு அத்தா எனக்கு மறந்துகிட்டே வர்றாங்க. அந்தப் படத்தப் பாத்தவங்கள்ல இன்னைக்கு நாம ரெண்டு பேருதான் மிச்சம்,” என்றார் மெதுவாக. “நீங்க கையில வாங்கிப் பாத்தீங்கல்ல? அதுல எங்க அத்தா எப்படி இருந்தாங்க, சொல்லுங்க.”

பஞ்சநதம் கண்ணை மூடி யோசித்தார். கோப்பு எண் நினைவுக்கு வந்தது. மனு வந்த தேதிகூட வந்தது. முகம் வரவில்லை. அன்று அவர் அதைப் பார்த்திருக்கவே இல்லை.