படையலில் வைத்த சேலை

தடயவியல் படிப்பின் செய்முறைப் பயிற்சியில் மூன்றாம் நாள், ரத்தக்கறை படிந்த துணியை எப்படிப் பொதிவது என்று சார் கற்றுக்கொடுத்தார். கசாப்புக் கடையில் வாங்கி வந்த ஆட்டு ரத்தத்தை வெள்ளைத் துணியில் தெளித்திருந்தோம். நிழலில் காயவைத்து, பழுப்புக் காகித உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்துப் போட வேண்டும். நான்தான் முதலில் முடித்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால் என் பெயரை எங்கே எழுதினாலும் கொஞ்சம் பெரிதாகவே எழுதுவேன்.

பக்கத்திலிருந்தவள் ஈரத்துணியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிந்தாள்.

"இன்னாம்மா, கறிக்கொழம்பு பார்சலா?" என்றார் சார். எல்லாரும் சிரித்தோம். "பூஞ்சை புடிச்சி சாட்சி செத்துடும். அப்புறம், எத்தினி கை பட்டுதோ அத்தினி பேரும் ரெஜிஸ்டர்ல இருக்கணும். இல்லன்னா கோர்ட்டுல நிக்காது."

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

நான் ஒன்பதாவது படிக்கும்போது அக்கா செத்தாள். மலையிலேயே இன்னொரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்தாள் என்றார் அவள் புருசன், எங்கள் மாமா. போலீசுக்குச் சொல்லாமல் அன்றே புதைத்தார்கள். பிணத்தைக் குளிப்பாட்டும்போது அம்மா அவள் சேலையை உருவி மடியில் செருகிக்கொண்டாள். அதன் முதுகுப் பக்கத்தில் ரத்தத்தில் ஒரு கை பதிந்திருந்தது. அக்காவின் கையைவிடப் பெரிய கை.

செத்தவள் துணியை வீட்டில் வைக்கக் கூடாது என்று அப்பா கத்தினார்.

"ஆதாருக்கு வெச்ச வெரலு நாந்தான்னு காட்டுது இல்ல? இது அவன காட்டும். பாப்பா படிச்சிட்டு வரட்டும்" என்றாள் அம்மா.

அதற்காகத்தான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். ஊரில் என்னைப் பாதி போலீஸ் என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

சேலை பிளாஸ்டிக் கவரில், டிரங்குப் பெட்டியில் இருந்தது. வருசா வருசம் அக்கா செத்த நாளில் அம்மா அதைப் படையலில் வைப்பாள். மஞ்சள் தண்ணீர் தெளிப்பாள். சொந்தமெல்லாம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். மாமாவும் வருவார். அவரை அம்மாவே கூப்பிட்டுத் தொடச் சொல்வாள். கை நடுங்குகிறதா என்று பார்ப்பாள். ஒரு வருசமும் நடுங்கவில்லை. போன வருசம், இந்தப் படிப்பில் சேர்ந்த பிறகும், நானும் ஒற்றிக்கொண்டேன்.

வகுப்பு முடிந்ததும், யாருடையது என்று சொல்லாமல், அந்தச் சேலையைப் பற்றிச் சாரிடம் சொல்லிக் கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றாமல் நின்றார்.

"அவனே வருசா வருசம் தொட்டானா? அப்ப அவன் ரேகையே கெடச்சாலும், படையல்ல தொட்டேன்னு சொல்லிட்டுப் போயிடுவாம்மா."

சனிக்கிழமை சின்னசேலத்தில் ரயில் இறங்கி, கள்ளக்குறிச்சி வந்து, மலை பஸ் பிடித்தேன். அம்மா வாசலிலேயே கேட்டாள், "இன்னா சொன்னாங்க உங்க வாத்தியாரு?"

பெட்டியைத் திறக்கச் சொன்னேன். புழுங்கிய வாடை அடித்தது. கை இருந்த இடத்தில் கருப்பும் மஞ்சளுமாக ஒரு திட்டுதான் இருந்தது.

"தோ, கட்ட வெரலு. தெரியுதா பாப்பா?" அம்மா அந்தத் திட்டின் மேல் தன் விரலை வைத்துக் காட்டினாள்.

"தெரியலம்மா. யாருக்கும் தெரியாது. நாமதான் அழிச்சிட்டோம்." மாமாவைத் தொடவைத்ததால் அவர் ரேகை கிடைத்தாலும் பயனில்லை என்றும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"நாந்தான தொடச் சொன்னேன்" என்றாள். விரலை எடுக்கவேயில்லை. பிறகு, "அப்ப இதத் தோச்சிடட்டுமா? எட்டு வருசமா அழுக்குலயே கெடக்கறா எம் பொண்ணு" என்றாள்.

சேலையை வாளியில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். அந்தச் சேலையைப் போட என் பையில் ஒரு பழுப்புக் காகித உறை இருந்தது. பஸ்ஸில் வரும்போதே அதன் மேல் என் பெயரை எழுதி வைத்திருந்தேன்.