சிவப்புத் துணி கட்டிய தெளிப்பான்

என் மேசை இழுப்பறையில் ஒரு சிவப்புத் துணிக்கீற்று கிடக்கிறது. வளையமாகக் கட்டியிருந்ததை யாரோ முடிச்சுக்கு எதிர்ப்புறம் கத்தியால் அறுத்தெடுத்திருக்கிறார்கள் என்பது பார்த்தவுடன் தெரியும். வெயிலிலும் மருந்திலும் ஊறி அதன் நிறம் செங்கற்பொடியின் சாயலுக்கு வந்துவிட்டது. தூசி துடைக்கையில் என் மனைவி அதை எடுத்துப் பார்ப்பாள். ஒன்றும் கேளாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள். அது இன்னதென்று இப்போது அவளுக்குத் தெரியும்.

2007 வாக்கில் புவனகிரியில் ஓர் உரக்கடையில் நான் விற்பனையாளனாக இருந்தேன். நட்ட வயலில் களையெடுக்க ஆள் கிடைப்பது அரிதாகி, களைக்கொல்லி கேட்டு வருவோர் பெருகியிருந்த காலம் அது. மருந்தை விற்பது எங்கள் வேலை. அடிப்பது மருந்துக்காரரின் வேலை. ஊரார் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். அவருடைய கைத்தெளிப்பான்கள் இரண்டும் எங்கள் கடையின் பின்கட்டில் இருக்கும். ஒரே நீலநிறம், ஒரே அளவு. களைக்கொல்லிக்கென்று ஒதுக்கிய தெளிப்பானின் தோள்வாரில் மட்டும் சிவப்புத் துணி கட்டியிருப்பார். நெற்பயிரை விட்டுவிட்டு அகன்ற இலைக் களைகளைக் கருக்கும் மருந்து அது. அதே மருந்தின் எச்சம் சிறிது பட்டாலும் உளுந்து பிழைக்காது. எத்தனை முறை அலசினாலும் அந்த எச்சம் குழாயிலும் ரப்பரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

“என் மச்சானே வந்து கேட்டாலும் துணி கட்டுன டேங்க்க குடுக்கமாட்டேன் தம்பி. அவன் கோவம் ஒரு வாரம்; கருகுன பயிரு ஒரு போகம்” என்பார்.

மாசி மாதத்தில் ஒருநாள், நவரை நெல்லுக்குக் களைக்கொல்லி அடித்துவிட்டு அவர் தெளிப்பானை வைத்துப் போயிருந்தார். வேப்பம்புண்ணாக்குச் சாக்கின் வாயைக் கட்ட எனக்குக் கயிறு அகப்படவில்லை. கைக்கெட்டிய அந்தத் துணியை அவிழ்த்துக் கட்டினேன். பிற்பகலில் சாக்கு விற்றுப்போனதும் துணியைத் திரும்ப வாரில் கட்டிவிட்டேன். இடையில் பின்கட்டைப் பெருக்குவதற்காகத் தெளிப்பான்களை இடம் மாற்றி வைத்ததை மறந்துபோனேன். துணி, தவறான தெளிப்பானில் ஏறிவிட்டது.

மறுநாள் காலை, துணி கட்டாத தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு மருந்துக்காரர் என் மாமாவின் வயலுக்குப் பூச்சிமருந்து அடிக்கப் போனார். சம்பா அறுவடைக்கு முன்பே நெல்லுக்குள் விதைத்த உளுந்து, பூத்து நின்றது, புழு விழுந்திருந்தது. மாமா என் தாயுடன் பிறந்தவர். அவர் மகளை எனக்கு நிச்சயித்து ஒரு மாதமே ஆகியிருந்தது.

நான்காம் நாள் மாமா என்னையும் மருந்துக்காரரையும் வயலுக்கு அழைத்தார். தண்டுகள் முறுக்கிக்கொண்டு, இலைகள் கிண்ணமாகச் சுருண்டு, வயல் முழுதும் ஒரே கோலமாயிருந்தது.

“டேங்க்க கழுவாம அடிச்சியாய்யா?”

“துணி கட்டுன டேங்க்க நான் தொடவேயில்லீங்க.” அவர் கைகூப்பினார்.

“அப்ப என் உளுந்து தானா முறுக்கிக்கிச்சா?”

சாக்கும் துணியும் பெருக்கிய தரையும் அக்கணமே என் கண்முன் வந்தன. வாய் திறந்தால் வேலை போகும். பெண்ணும் கைவிட்டுப் போகலாம் என்று அஞ்சினேன். குனிந்து ஒரு செடியைப் பிடுங்கி அதன் வேரை ஆராய்வதுபோல் நின்றேன். வேரில் ஆராய ஒன்றுமில்லை.

அதன்பின் மருந்துக்காரரை யாரும் கூப்பிடவில்லை. தேநீர்க்கடையில் அவர் தலை தெரிந்தால், “உளுந்துக்கருக்கி வர்றாருடா, பூந்தொட்டிய உள்ள எடுத்து வை” என்று சிரிப்பார்கள். வைகாசியில் என் திருமணம் நடந்தது. அவரை நான் அழைக்கவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள், தம்மை யாரும் அறியாத அண்ணாகிராமம் பக்கம் முந்திரித்தோப்புகளுக்கு மருந்தடிக்கப் போய்விட்டார்.

நான்கு ஆண்டுகள் கழித்து அவரைத் தேடிப் போனேன். வீட்டு வாசலில் முந்திரி மரத்தடியில் தெளிப்பானைக் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்: “அன்னிக்கி துணிய மாத்திக் கட்டுனது நான்தான்.”

அவர் வியக்கவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து, அறுத்த துணியை வெளியே எடுத்தார்.

“நான் இடக்கையன் தம்பி. என் முடிச்சு இந்தப் பக்கமா விழாது. வயல்லேருந்து திரும்புன ஒடனே பாத்துட்டேன்.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“யாரு நம்புவாங்க? ஒங்க மாமா மருமவன் பக்கம்தானே பேசுவாரு. நீங்களா சொல்லுவீங்கன்னு அந்த மாசம் பூரா கடைப்பக்கம் வந்து நின்னேன். நீங்க சாக்கு அடுக்கிக்கிட்டே இருந்தீங்க.”

மன்னிக்கும்படி கேட்டேன். அவர் முகம் இளகவில்லை. “என்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க” என்று துணியை என் கையில் வைத்தார்.

அன்று மாலையே மாமாவிடம் சொன்னேன். என் மனைவியும் அருகிலிருந்தாள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். “அவரு எங்கிட்ட கைகூப்பினாரு மாப்ள” என்று மட்டும் சொல்லி எழுந்துபோனார். அடுத்த வாரம் அவரே அண்ணாகிராமம் போய், நடந்த பிழையைச் சொல்லி, மருந்துக்காரரைத் தம் வயலுக்கு அழைத்தார்.

அவ்வாண்டுச் சம்பாவுக்கு மருந்துக்காரர் வந்தார். ஊரார் பார்க்க, மாமாவின் நெல்வயல் முழுதும் களைக்கொல்லி அடித்தார். திரும்பும் வழியில் தேநீர்க்கடையில் ஓர் இளைஞன், “உளுந்துக்கருக்கிக்கு ஒரு டீ போடுங்கண்ணே” என்றான். மாமா அவன்மேல் பாய்ந்தார். அவன் விழித்தான், அது வசைப்பெயர் என்பதே அவனுக்குத் தெரியாது, அவருடைய பெயரென்றே எண்ணியிருந்தான். மருந்துக்காரர் தேநீரைக் குடித்துவிட்டுப் பேருந்தேறினார். பிறகு வரவில்லை.

இன்று எனக்குச் சொந்தமாக ஒரு கடை இருக்கிறது. அங்குள்ள களைக்கொல்லித் தெளிப்பானில் புதிய சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். அதை எவரும் அவிழ்க்க விடுவதில்லை. பழைய துணி இழுப்பறையில் இருக்கிறது. அதை அறுத்தெடுத்தபோது மருந்துக்காரர் முடிச்சை மட்டும் தொடாமல் காப்பாற்றி வைத்திருந்தார். வலக்கைக்காரன் இட்ட முடிச்சு அது. நான் போட்டது.