கிட்னி பற்றிக் கேட்டார்கள்

என் மனைவி மங்கலத்தில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தாள். கிட்னி ரொம்பவே கெட்டிருந்தும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஓயாத தலைவலி என்று போன வருடம் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனோம். அவள் உடை மாற்ற உள்ளே போயிருந்தாள். படம் தெளிவாக விழ ஊசி போட வேண்டும் என்று சொன்ன நர்ஸ், "கிட்னியில ஏதாச்சும் பிரச்சினை இருக்குங்களா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றால் ரத்தப் பரிசோதனை முடித்து நாளைக்கு வரச் சொல்வார்கள். எனக்கு இன்னொரு நாள் லீவு கிடைக்காது. "இல்லீங்க" என்றேன்.

இரண்டே மாதத்தில் அவள் கைகால்களில் தோல் தடித்து இறுகிவிட்டது. விரல்கள் மடங்கவில்லை.

"அந்த ஊசியில இருக்கற உலோகத்தைக் கெட்டுப்போன கிட்னியால வெளியேத்த முடியாதுங்க. அபூர்வமா இப்படி ஆயிரும். குணமாக்க மருந்தில்லீங்க" என்றார் டாக்டர். "போடறதுக்கு முன்னாடி கேட்டிருப்பாங்களே?"

மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"யாரும் கேக்கலீங்க" என்றேன்.

இப்போது நான்தான் அவளுக்குச் சோறு ஊட்டுகிறேன். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்கல்ல மாமா" என்று சொல்லி, அந்த நர்ஸைச் சபிப்பாள். நான் குனிந்து அடுத்த வாய்ச் சோற்றைப் பிசைவேன். உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. இனி வரும் என்றும் தோன்றவில்லை.